தங்கச்சியின் குரலை நறுக்கியவன்

“நல்லா கேளுங்க. அவ வாயாலேயே சொல்றா” என்று செந்திலின் தம்பி தன் போனை எவர்சில்வர் தாம்பாளத்தின் மேல் வைத்தான். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பூவன்பழம். பக்கத்தில் உள்ளங்கை அளவுக்கு ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கர்.

சிதம்பரம் மேலவீதியில் ஒரு சின்னக் கல்யாண மண்டபத்தின் மாடி. முகூர்த்தம் இல்லாத நாள் என்பதால் தெரிந்தவர் என்று சும்மா கொடுத்திருந்தார்கள். சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகளை எதிரும் புதிருமாகப் போட்டிருந்தோம். ஒரு பக்கம் செந்தில், அவன் அம்மா, தம்பி. எதிர்ப்பக்கம் நான், என் அம்மா, எங்கள் இருவருக்கும் நடுவில் என் தங்கச்சி கலைவாணி. செந்தில் அவளுடைய புருஷன். பேசித் தீர்த்துவைக்க வந்திருந்தவர் செந்திலின் தாய்மாமன், அரிசி மண்டிக்காரர். மாப்பிள்ளையின் தாய்மாமனே நியாயம் சொல்ல உட்கார்ந்தால் நியாயம் எந்தப் பக்கம் சாயும் என்று கேட்காதீர்கள். அதைக் கேட்டால் மரியாதை தெரியாதவன் என்பார்கள்.

ஸ்பீக்கரில் கலையின் குரல் வந்தது.

“என் வே... வே... வே... வே... நான் அந்த வீட்டுக்கு வர மாட்டேன். வே... வே... வே... வே...”

அத்தோடு நின்றுவிட்டது.

“நெட்டு சரியில்ல, அங்கங்க கட்டாவுது. ஆனா முக்கியமான வார்த்த தெளிவா இருக்குல்ல?” என்றான் தம்பி.

மண்டிக்காரர் தலையாட்டினார். அம்மா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். கலை அந்த ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

என் காதில் வேறொன்று விழுந்திருந்தது. நாலாவது ‘வே’ முடிந்த இடத்தில், மூச்சை உள்ளுக்கு உறிஞ்சுவதுபோல ‘ஸூப்’ என்று ஒரு சத்தம். கண் மூடித் திறப்பதற்குள் போய்விடும். ஆனால் அதை நான் எங்கே கேட்டாலும் சொல்லிவிடுவேன். இந்த மாவட்டத்தில் அதை ஒரே ஒருத்தன்தான் போடுவான். அவன் என் சிநேகிதன்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

எரிந்து விழுவது பற்றி

போன வாரம் ஒரு வாசகர் விருத்தாசலத்திலிருந்து போன் செய்து, “ஏன் சார், உங்க தொடர்ல எப்பப் பாத்தாலும் யார் மேலயாவது எரிஞ்சு விழுறீங்க?” என்று கேட்டார். குறைத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தேன். இந்த வாரம் முடியாது, மன்னிக்க வேண்டும்.

கலை கடலூரில் ஒரு ரத்தப் பரிசோதனை லேப்பில் வேலை பார்க்கிறாள். ஊசி குத்தியதே தெரியாமல் ரத்தம் எடுப்பாள் என்று பெயர். கல்யாணம் பேசும்போது, “பொண்ணு வேலைக்குப் போவட்டும், அதுல என்ன இருக்கு” என்று வாய் நிறையச் சொன்னவர்கள்தான் இந்த மாமியார் வீட்டுக்காரர்கள். தாலிக்கயிற்றின் மஞ்சள் ஈரம் காய்வதற்குள் பேச்சு மாறிவிட்டது. சிதம்பரத்திலிருந்து காலை பஸ்ஸில் கடலூர் போனால் யார் சமைப்பது, சாயங்காலம் லேட்டானால் தெருவில் என்ன பேசுவார்கள், லேப்பில் கண்டவன் கையைத் தொட வேண்டியிருக்கிறதே. ரத்தம் எடுக்கக் கையைத் தொடாமல் காலையா தொட முடியும்?

ஒருநாள் சண்டை பெரிதாகி அவள் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். வந்த மறுநாள் செந்திலுக்கு வாட்ஸப்பில் குரல் செய்தி அனுப்பினாள். அவள் பேசும்போது நான் அதே அறையில் காபி குடித்துக்கொண்டிருந்தேன். அவள் சொன்னது இது:

“என் வேலைய விடச் சொன்னீங்கன்னா நான் அந்த வீட்டுக்கு வர மாட்டேன். வேலைக்குப் போன்னு ஒரு வார்த்த சொல்லுங்க, நாளைக்கு காலையிலயே பொட்டியோட வந்து நிக்கிறேன்.”

இதில் எதை எடுத்தார்கள், எதை நறுக்கினார்கள் என்று உங்களுக்கே தெரிகிறது. முன்னால் இருந்த ‘வேலைய விடச் சொன்னீங்கன்னா’ போயிற்று. பின்னால் இருந்த ‘வேலைக்குப் போன்னு’ போயிற்று. நடுவில் இருந்த மறுப்பு மட்டும் முழுசாக நின்றது.

அவள் போனிலேயே அது இருக்குமே என்பீர்கள். அந்த போனை இரண்டு வாரத்துக்குப் பிறகு செந்திலின் தம்பி கடலூருக்கே வந்து வாங்கிக்கொண்டு போனான். “அண்ணன் புதுசு வாங்கித் தரேன்னுச்சு அண்ணி, பழச எக்சேஞ்சுல போட்டுடலாம்” என்றான். சமாதானத்துக்கு வழி பிறந்துவிட்டது என்று அம்மா அவனுக்கு உளுந்து வடை சுட்டுப் போட்டாள். புதுசும் வரவில்லை, பழசும் திரும்பவில்லை.

பஸ்ஸில் பிடித்த பைத்தியம்

நறுக்குகிற வேலை எனக்குப் புதிதில்லை. எனக்குச் சோறு போடுவதே அதுதான். திருப்பாதிரிப்புலியூரில் ஒரு மாடி அறையில் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். பாட்டுக்கு பீட் போடுவேன், குரலைச் சுத்தம் செய்வேன், அதைவிட ஆசையாக குரலை உடைப்பேன்.

இந்தப் பைத்தியம் காலேஜுக்குப் போன காலத்தில் பிடித்தது. கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு தினமும் தனியார் பஸ். அப்போது பஸ்ஸில் சிடி ஓடும். ஆலப்பாக்கம் தாண்டி ரோடு குண்டும் குழியுமாக இருக்கும். பஸ் ஒரு குதி குதித்தால் பாட்டு அதே எழுத்தில் மாட்டிக்கொண்டு தட்டித் தட்டி நிற்கும். கண்டக்டர் விசிலை வாயில் வைத்தபடியே வந்து பிளேயரின் மண்டையில் ஒரு குத்து விடுவார். பஸ்ஸில் இருக்கிற எல்லோருக்கும் அது எரிச்சல். எனக்கு அந்தத் தட்டலில் ஒரு தாளம் கேட்டது. அவர் குத்தாமல் இருக்க வேண்டுமே என்று இருக்கும்.

அதைத்தான் பின்னால் கம்ப்யூட்டரில் செய்யக் கற்றேன். ஸ்டட்டர் என்பார்கள், கிளிட்ச் என்பார்கள். செய்முறை சமையல் மாதிரிதான். ஒரு சொல்லின் தலையில் ஒரு துளியை நறுக்கி எடு. அதையே வரிசையாக அடுக்கு. முதலில் பெரிய துண்டு, பிறகு அதில் பாதி, பிறகு அதிலும் பாதி. துண்டு சின்னதாக ஆக ஆகக் குரல் மனுஷக் குரலாக இல்லாமல் மெஷின் மாதிரி விர்ரென்று ஏறும். பிறகு சட்டென்று விட்டுவிட்டால், அடுத்து வருகிற முழுச் சொல் நெஞ்சில் வந்து விழும். எதை உடைத்தாயோ அதை நன்றாகக் கேட்க வைப்பதற்குத்தான் இந்த உடைப்பு. நான் கற்றது அப்படி.

எல்லா சாஃப்ட்வேரிலும் திரையில் கட்டம் போட்டிருக்கும். அதில் ஒரு பொத்தானை அழுத்திவிட்டால், நீங்கள் எங்கே நறுக்கினாலும் துண்டு தானாகக் கட்டத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். தாளம் பிசகவே பிசகாது. பாட்டுக்கு அது வசதி. அந்தப் பொத்தானை இப்போதைக்கு ஞாபகத்தில் வையுங்கள்.

பாஸ்கரும் நானும் இதை ஒன்றாகத்தான் ஆரம்பித்தோம். ஒரே கம்ப்யூட்டர், ஒரே ஹெட்போன், ஆளுக்கு ஒரு காது. அவனுக்கு ஒரு வழக்கம். ஒவ்வொரு ஸ்டட்டர் முடிவிலும் பாடுகிறவரின் மூச்சுச் சத்தத்தை வெட்டி, தலைகீழாகத் திருப்பி ஒட்டுவான். அதுதான் அந்த ‘ஸூப்’. “இது என் கையெழுத்து மச்சான்” என்பான். வேண்டாத இடத்திலும் போடுவான். சொன்னால் கேட்க மாட்டான். பிறகு அவன் சிதம்பரத்துக்குப் போய்த் தனியாக ஸ்டூடியோவும் கல்யாண டிஜே செட்டும் வைத்துக்கொண்டான். பிரிந்தாலும் சண்டை இல்லை. கடலூர் வந்தால் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. கலை அவனுக்குப் பாரபட்சம் இல்லாமல் எனக்குப் போடுகிற மீன் துண்டையே போடுவாள்.

பென் டிரைவை ஊதியவர்

கோபத்தில் இருக்கும்போது பழைய கோபங்களும் வரிசையில் வந்து நிற்கும். அண்ணாகிராமம் பக்கம் ஒரு கல்யாண வரவேற்பு. பொண்ணு மேடைக்கு நடந்து வருவதற்கு ஒரு பாட்டு செய்து தரச் சொன்னார்கள். பொண்ணு பாதி தூரம் வரும்போது குரல் தட்டித் தட்டி ஏறி, மேடையில் கால் வைக்கும்போது விடுகிற மாதிரி செய்திருந்தேன். தூக்கம் கெட்டுச் செய்த வேலை.

குரல் தட்ட ஆரம்பித்ததுமே ஸ்பீக்கர் செட்காரர் பாட்டை நிறுத்திவிட்டார். பென் டிரைவைப் பிடுங்கி வாயால் ஊதினார், லுங்கியில் துடைத்தார், மறுபடி செருகினார். அதே இடத்தில் மறுபடியும் தட்டியது. மைக்கை எடுத்து, “பென் டிரைவ்ல கோளாறு, பொறுத்துக்குங்க” என்று ஊருக்கே அறிவித்தார். பொண்ணு பாதிக் கம்பளத்தில் மாலையோடு நின்றுகொண்டிருந்தது. நான் ஓடிப்போய் “அது அப்படித்தான் ண்ணா, வேணும்னே செஞ்சது” என்றேன். “வேணும்னே எவனாவது பாட்ட கெடுப்பானா?” என்றார்.

அழகுக்காகச் செய்தால் கோளாறு என்பார்கள். பொய்க்காகச் செய்தால் நெட்டு சரியில்லை என்று தலையாட்டுவார்கள். இதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

சாப்பாட்டு இடைவேளை

மண்டபத்துக்கு வருகிறேன். மண்டிக்காரர் தொண்டையைச் செருமினார்.

“இதப் பாரும்மா கலை. வர மாட்டேன்னு நீதான் சொல்லியிருக்க. சொன்ன வாய்க்கு நாலு பேரு முன்னால மன்னிப்பு கேட்டுடு. வேலைய விடுறேன்னு எழுதிக் குடுத்துட்டு இன்னைக்கே செந்திலோட கிளம்பு. அத்தோட முடிஞ்சிது. என்ன சொல்றீங்க?”

கேட்டது கலையை இல்லை, அம்மாவை. நான் வாயைத் திறப்பதற்குள் கீழேயிருந்து இலை போட்டாச்சு என்று சத்தம் வந்தது. “சாப்ட்டு வந்து முடிச்சுக்கலாம்” என்று எல்லோரும் எழுந்துவிட்டார்கள். ஒரு பெண்ணின் வாழ்க்கையை அறுத்துக் கூறு போடுகிற இடத்தில் சம்பா சாதமும் கத்திரிக்காய் கொத்சும். வாசனை மாடிவரை வந்தது.

நான் சாப்பிடப் போகவில்லை. சம்பந்திக் குடும்பத்துக்கென்று ஒரு வாட்ஸப் குழு உண்டு. அதில் அந்தக் குரலை ஏற்கெனவே போட்டுவிட்டிருந்தான் தம்பி. அதை என் போனில் இறக்கிக்கொண்டு வடக்குவீதிக்கு நடந்தேன். ஜெராக்ஸ் கடை மாடியில்தான் பாஸ்கரின் ஸ்டூடியோ.

“டேய் மச்சான்! சொல்லாம கொள்ளாம வந்து நிக்கிற?” என்று எழுந்தான்.

போனை அவன் மேஜையில் வைத்து ஓடவிட்டேன். வே, வே, வே, வே, ஸூப்.

அவன் முகத்தில் முதலில் வந்தது என்ன தெரியுமா? சிரிப்பு. தன் வேலையைக் கேட்டதும் வருகிற சிரிப்பு. அது பாதியிலேயே செத்துப்போனது.

“யாருக்குடா பண்ண?”

“செந்திலு தம்பி வந்தான். நெட்டு கட்டாவுற மாதிரி வேணும்னான். ஏதோ ரீல்ஸ்க்குன்னு...”

“குரல் யாரோடதுன்னு தெரியல?”

“குரல எங்க மச்சான் பாத்தேன். திரையில சத்தத்தோட அலையதான் பாத்தேன். வெட்டுனேன், குடுத்தேன்.”

“அவ கையால எத்தினி தடவ தின்னுருக்க நாயே!”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். “தெரிஞ்சிது” என்றான். “இந்த ஊரு மண்டபத்து ஆர்டரெல்லாம் அவங்க சொந்தக்காரங்க கையிலதான் இருக்கு. முடியாதுன்னு எப்படிச் சொல்றது?”

“ஒரிஜினல் எங்க?”

“வேல முடிஞ்சதும் பக்கத்துலயே நின்னு அழிக்க வெச்சிட்டான்.”

“அப்ப ரீல்ஸுக்கு இல்லன்னு அப்பவே தெரியும் உனக்கு. வா, வந்து நாலு பேரு முன்னால சொல்லு.”

“என்னைய வுட்ரு மச்சான்.”

அடித்திருக்க வேண்டும். அடிக்கவில்லை. அவனுடைய லேப்டாப்பை எடுத்துக்கொண்டு படி இறங்கினேன். தடுக்கவில்லை அவன்.

கட்டத்தில் விழுந்த பொய்

திரும்பியபோது எல்லோரும் பீடா மென்றுகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் நடுவில் ஸ்டூலை இழுத்துப்போட்டு லேப்டாப்பைத் திறந்தேன்.

“மாமா, வாட்ஸப் குரல் செய்தி இப்படி திக்காது. போன்ல பேசறப்பதான் நெட்டு கட்டாகும். இது பேசி முடிச்சி, பதிவாகி, அப்புறம் மொத்தமா போறது. வந்தா முழுசா வரும், இல்லன்னா வரவே வராது.”

“அதெல்லாம் நமக்கு என்னப்பா தெரியும்” என்றார்.

“சரி, இத பாருங்க.” குரலைத் திரையில் போட்டு, கட்டத்தைக் காட்டினேன். எட்டு ‘வே’யும் கோட்டில் வைத்தாற்போல நின்றன. ஞாபகத்தில் வைக்கச் சொன்னேனே, அந்தப் பொத்தானை பாஸ்கர் அணைக்கவே இல்லை. டெம்போவை, அதாவது தாளத்தின் வேகத்தைக்கூட மாற்றவில்லை அந்தச் சோம்பேறி. சாஃப்ட்வேரைத் திறந்ததும் தானாக வந்து நிற்கிற, நிமிஷத்துக்கு நூற்றிருபது தட்டு வேகத்திலேயே நறுக்கியிருந்தான். பாட்டுக்காரனுக்குக் கை அப்படியே பழகிவிடுகிறது. பொய் சொல்லும்போதும் தாளம் தப்பாமல் சொல்லியிருக்கிறான்.

“நெட்டுக்கு தாளம் தெரியுமா மாமா? கேளுங்க” என்று அந்தக் குரலுக்கு அடியில் டிக் டிக் என்று தாளத்தை ஓடவிட்டேன். ஒவ்வொரு வெட்டும் டிக்கின் மேலேயே விழுந்தது. மறுபடி போட்டேன். மறுபடி போட்டேன். மண்டிக்காரரின் விரல் அவருக்குத் தெரியாமலே நாற்காலிக் கையில் தட்ட ஆரம்பித்திருந்தது.

எனக்கு வெறி ஏறிவிட்டது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அந்த ‘ஸூப்’பை மட்டும் பிரித்து எடுத்து, திருப்பிப் போட்டு, “இது மூச்சு, இது அவளோட மூச்சு, இதத் தலைகீழா ஒட்டியிருக்கான்” என்று கத்தினேன். அந்த மாடி முழுக்கத் தங்கச்சியின் மூச்சுச் சத்தம் பெரிதாக ஓடியது. திரும்பத் திரும்ப ஓடியது.

“அட யாரு வெட்டுனா என்னப்பா” என்றார் செந்திலின் அம்மா. “நடுவுல இருக்கிற வார்த்த அவ சொன்னதா இல்லயா? கொரலு அவளுதுதான?”

“முன்னாடி பின்னாடி இருக்கறத...” என்று நான் மறுபடியும் பொத்தானில் கை வைத்தேன்.

“ண்ணா, மூடு அத.”

கலைதான். காலையிலிருந்து அவள் பேசிய முதல் வார்த்தை.

“இரு கலை, இவங்களுக்குப் புரிய வெக்கிறேன்...”

“மூடுன்னு சொல்றேன்ல!”

எழுந்து வந்து லேப்டாப்பை அவளே அடித்து மூடினாள். அவள் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. கண்ணில் தண்ணீர் இல்லை. கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

“காலையிலேருந்து என் கொரல வெச்சி ஆளாளுக்கு வெளையாடுறீங்க. அவன் போட்டுக் காட்டுறான். நீ பிரிச்சுக் காட்டுற. என் மூச்ச எடுத்து எல்லாருக்கும் போட்டுக் காட்டுறியே, உனக்கு அசிங்கமா இல்ல? நான் இங்கதான ஒக்காந்திருக்கேன்? என்ன சொன்னன்னு என்னைய ஒருத்தராவது கேட்டீங்களா? அவங்க கேக்க மாட்டாங்க. நீ கேட்டியா?”

பாஸ்கர் அலையைத்தான் பார்த்தேன் என்றான். நான் மட்டும் எதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்?

அவள் செந்திலின் பக்கம் திரும்பினாள். அவன் தரையில் இருந்த சோற்றுப் பருக்கை ஒன்றைச் செருப்பால் தள்ளிக்கொண்டிருந்தான்.

“ஒங்களுக்குதான அனுப்புனேன். ஒங்க போன்ல முழுசா இருக்குமே. போடுங்க.”

“அது... இப்ப இல்ல” என்றான் செந்தில்.

“இல்லன்னா?”

“அழிச்சிட்டேன்.”

“கேட்டீங்கள்ல?”

“கேட்டேன்.”

“நாளைக்கே பொட்டியோட வரேன்னு சொன்னதக் கேட்டீங்கள்ல?”

அவன் தன் அம்மாவைப் பார்த்தான். அவர் சொல்லாதே என்பதுபோலத் தலையை அசைத்தார். தம்பி ஸ்பீக்கரை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டான். கடைசியில் செந்தில், “கேட்டேன்” என்று மிக மெதுவாகச் சொன்னான்.

மண்டிக்காரருக்கு அதற்கு மேல் தலையாட்ட ஒன்றும் இல்லை. இருந்தாலும் மனசு விடவில்லை. “சரிம்மா, ஏதோ சின்னப் பசங்க, தப்பு நடந்துபோச்சு” என்றார். “செந்திலே ஒத்துக்கிட்டான். வேலைக்குப் போறதப் பத்தியும் அப்புறமா பேசிக்கலாம். நீ மொதல்ல வூட்டுக்கு வா.”

அம்மா என் கையைப் பிடித்து அமுக்கினாள். கலை சம்மதம் சொல்லிவிடுவாளோ, சொல்ல மாட்டாளோ என்று அம்மாவுக்குப் பதைப்பு. எனக்கும்தான்.

கலை புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள். லேப்பில் ரத்தம் எடுக்கப்போகும்போது அப்படித்தான் செருகுவாள்.

“அன்னைக்கு நீங்க வெட்டி ஒட்டுனது பொய்” என்றாள். “இப்ப நான் சொல்றது நெசம். எல்லாரும் கேட்டுக்குங்க. நான் அந்த வீட்டுக்கு வர மாட்டேன்.”

ஒரு எழுத்துகூடத் தட்டவில்லை. அம்மாவின் செருப்பை எடுத்து அவள் காலடியில் வைத்துவிட்டு, எங்களுக்கு முன்னால் படியில் இறங்கிப் போனாள்.